தண்டையார்பேட்டை டெய்லரிடம் தைத்து வந்த பெல்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் முன்னால், ஒரு தம்பி ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, உயரத்தில் வேலை செய்யும்போது விழுந்தால் பிடித்துக்கொள்ள உடம்பில் மாட்டுகிற தன் சேஃப்டி பெல்ட்டைக் காட்டினான். தொடைப் பட்டையில் தையல் விட்டிருந்ததாம். தண்டையார்பேட்டையில் ஒரு டெய்லரிடம் கொடுத்து 40 ரூபாய்க்குத் தைத்து வாங்கி வந்திருக்கிறான். நெருக்கமான, நேரான தையல். தைத்தவர் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் டிராயரிலிருந்து கத்தரியை எடுத்து, அவன் கண் முன்னாலேயே அந்தப் பட்டையை இரண்டாக வெட்டினேன்.

"அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? சம்பளத்துல பிடிப்பாங்களே!" என்றான். குரல் உடைந்துவிட்டது. பிடிக்க மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வேறு பெல்ட் கொடுத்தேன். ஆனால் ஏன் வெட்டினேன் என்று அவனுக்கு ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவனுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அன்று விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மணலியில் சாரம் கட்டும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் ஸ்டோர் பார்க்கிறேன். 2003ல் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். ஒன்பது வருடம் மேலே ஏறி பைப்பும், பைப்பைப் பைப்போடு இணைக்கிற கப்ளரும் கட்டினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் 2012 முதல் கீழே ஸ்டோரில் இருக்கிறேன். இப்போது என் பொறுப்பில் 140 பெல்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒவ்வொன்றுக்கும் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம்.

முதலில் அந்தத் தையல். பெல்ட்டில் பட்டையும் பட்டையும் சேருகிற இடத்தில் ஒரு தையல் கட்டம் இருக்கும். அதை உற்றுப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கணக்கோடு ஓடியிருப்பது தெரியும். தொழிற்சாலையில் அதற்கென்றே உள்ள மெஷினில், இத்தனை குத்து, இந்த நூல், இந்த இறுக்கம் என்று தீர்மானித்துப் போடுகிற தையல் அது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 361ல் 100 கிலோ பொம்மைக்கு பெல்ட்டை மாட்டி 4 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்கிறார்கள். 15 கிலோநியூட்டன் விசையில், அதாவது சுமார் ஒன்றரை டன் எடை தொங்குகிற அளவுக்கு, 3 நிமிடம் இழுத்தும் பார்க்கிறார்கள். அதைத் தாங்கியது அந்தத் தையல். பேண்ட் தைக்கிற நூலால் தைத்தது எதைத் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்க வேண்டுமென்றால் அந்தத் தம்பிதான் விழ வேண்டும். அதோடு, புதிதாக ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் பட்டையின் நார் கொஞ்சம் அறுபட்டிருக்கும். பழைய தையல் ஏன் விட்டது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஆசிட் பட்டதா, பைப் முனையில் உரசியதா, யாராவது ஏற்கனவே அதில் விழுந்து வெளியே சொல்லாமல் விட்டார்களா? மேலே புதுத் தையல் போட்டதும் அந்தத் தடயம் மறைந்துபோகிறது. நல்ல பெல்ட்களில் தையல் நூல் பட்டையின் நிறத்தில் இல்லாமல் எடுப்பான வேறு நிறத்தில் இருப்பது அழகுக்காக இல்லை. ஒரு இழை அறுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

கண் மட்டும் போதாது, கையும் வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி இப்போது இல்லை. காசிமேட்டில் வலை பின்னும் குடும்பத்திலிருந்து வந்தவர். வலையில் அறுந்த கண்ணி எங்கே என்று விரலாலேயே கண்டுபிடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர், பெல்ட்டையும் அப்படித்தான் பார்ப்பார். பட்டையை இரண்டு கையாலும் அரை அடி இடைவெளியில் பிடித்து வானவில் மாதிரி மேல்நோக்கி வளைக்க வேண்டும். அப்போது வெளிப்பக்கம் இழுபட்டு, அறுந்த நார் எல்லாம் மயிர் மாதிரி எழுந்து நிற்கும். அப்படியே அரை அடி அரை அடியாக நகர்ந்து முழு நீளமும் பார்க்க வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம். விரலுக்கு விறைப்பாக ஒரு இடம் தட்டுப்பட்டால் அங்கே சூடோ பெயிண்டோ ரசாயனமோ பட்டிருக்கிறது. பளபளவென்று உருகின மாதிரி இருந்தால் வெல்டிங் பொறி. துவண்டு மெலிந்திருந்தால் தேய்மானம். நிறம் வெளுத்திருந்தால் வெயில் தின்றிருக்கிறது. கயிறு மாட்டுகிற வளையமான டி-ரிங்கில் வளைவு, விரிசல், துரு இருக்கிறதா, பக்கிள் பிடிக்கிறதா, கொக்கியின் வாய் விட்டதும் தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கிற கயிறுதான் லேன்யார்டு; அதில் இருக்கிற, விழும் அடியைக் கிழிந்து நீண்டு வாங்கிக்கொள்கிற ஷாக் அப்சார்பர் பொட்டலத்தின் உறை கிழிந்தோ உள்ளே மடிப்பு இழுபட்டோ இருந்தால் அது அப்போதே குப்பைக்கு. கடைசியாக லேபிள். இந்தியத் தரமான ஐஎஸ் 3521 அல்லது ஈஎன் 361, தயாரித்த மாதம், வரிசை எண் எல்லாம் படிக்க முடிய வேண்டும். லேபிள் இல்லாத பெல்ட்டுக்கு வயது தெரியாது. வயது தெரியாததை நான் கொடுப்பதில்லை.

பழகிய கைக்கு இதெல்லாம் மூன்று நிமிடம். போட்டுக்கொள்கிறவரேதான் தினமும் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்த இன்னொருவர் முழுதாகப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது தரநிலைகள் சொல்வது. எங்கள் பக்கத்துக் காற்றுக்கு ஒரு வருடம் ரொம்ப நீளம் என்பது என் அபிப்பிராயம். நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால், எதுவானாலும் உப்புக்காற்றில் துரு ஏறிவிடும். பெல்ட்டின் கொக்கியும் இரும்புதான். ஸ்பிரிங்கில் உப்பு ஏறினால் வாய் பாதி மூடி நின்றுவிடும். அனல்மின் நிலையம் பக்கம் வேலை என்றால் சாம்பல் வேறு. பட்டையின் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் உப்புக்காகிதம் மாதிரி உள்ளிருந்தே அறுக்கும். மணலியில் ரசாயன ஆலைகளுக்குள் போகிறவர்களுக்கு ஆசிட், காரம். நைலானுக்கு ஆசிட் ஆகாது, பாலியஸ்டருக்குக் கடுமையான காரம் ஆகாது. எந்த வேலைக்கு எந்தப் பட்டை என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வெல்டர்களுக்கு இரண்டுமே ஆகாது, அவர்களுக்குத் தீப்பொறி தாங்கும் கெவ்லார் பட்டை இருக்கிறது. விலை அதிகம்தான். ஆனாலும் வெல்டருக்கு நைலான் பெல்ட் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் கிடையாது.

துவைப்பது பற்றி. எங்கள் யார்டில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மீஞ்சூர், பொன்னேரி பக்கமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி வருடக்கணக்காகிறது. அந்தத் தண்ணீரில் அலசினால் உப்பை எடுக்க உப்பையே ஊற்றுகிற கதைதான். மெட்ரோ வாட்டர் லாரி வருகிற நாளில் இரண்டு டிரம் பிடித்து வைத்து, துணி அலசுகிற மென்மையான சோப்பு கொஞ்சம் போட்டு, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவோம். பிளீச்சிங் பவுடர் கூடாது. தின்னர், பெட்ரோல், டீசல் கிட்டேயே வரக் கூடாது. வெந்நீர் வேண்டாம், அடித்துத் துவைக்கவும் வேண்டாம். காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், பெல்ட்டின் ஆயுசும் கூடவே காயும்.

பெயர் எழுதுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அவனவன் பெல்ட் மாறிவிடக் கூடாது என்று பெயிண்டிலோ மார்க்கரிலோ பட்டை மேலேயே பெயர் எழுதிவிடுகிறார்கள். பட்டை மேல் எதுவும் எழுதாதீர்கள். மையிலும் பெயிண்டிலும் இருக்கிற திரவம் நாரைக் கெடுக்கலாம், கெடுத்ததைப் பெயிண்ட் மூடியும் வைத்துவிடும். லேபிள் பக்கத்தில் இடம் இருக்கும், அதில் எழுதலாம். நான் டி-ரிங்கில் ஒரு சிறிய பித்தளைத் தகடு மாட்டி நம்பர் கொடுத்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஸ்டோருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் மிதந்த தண்ணீர். அந்த வாரம் எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. கீழ் அலமாரியில் இருந்த 34 பெல்ட்கள் இரண்டு நாள் அதில் ஊறிவிட்டன. முதலாளி வந்து பார்த்தார். "சோப்புப் போட்டு அலசிக் காய வை, சரியாயிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளத்தில் அவருக்கும் பெரிய நஷ்டம். இரட்டைக் கொக்கியோடு ஒரு செட் 3,000 ரூபாய்க்கு மேல், 34 என்றால் லட்சத்தைத் தாண்டுகிறது. நான் பெல்ட்டோடு வந்த கையேட்டை எடுத்து, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உபயோகிக்காதே என்று இருந்த வரியைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை, வேலை போய்விடுமோ என்று. மூன்றாம் நாள் போன் செய்து, "வெட்டிப் போடுப்பா" என்றார். 34ஐயும் உட்கார்ந்து வெட்டினேன். வெட்டாமல் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப்போய்க் கழுவி விற்றுவிடுவார்கள், நாலு மாதம் கழித்து அது யார் முதுகிலாவது இருக்கும். அன்றிலிருந்து பெல்ட் எல்லாம் சுவரில், தலை உயரத்தில், ஆணி இல்லாத மரக்கட்டையில் தொங்குகின்றன. எலிக்கும் எட்டாது, வெள்ளத்துக்கும் எட்டாது.

இனி போட்டுக்கொள்வது. என் அப்பா துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர். அவர் காலத்தில் இடுப்பைச் சுற்றி ஒற்றைப் பட்டைதான். விழுந்தால் உடம்பு நடுவில் மடிந்து, அடி முழுவதையும் விலாவும் குடலும் அந்த ஒரு பட்டையில் வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1998 ஜனவரி முதல் விழுவதைத் தடுக்க அந்த இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தவே கூடாது என்று விதி வந்துவிட்டது. முழு உடம்பு பெல்ட் அந்த அடியைத் தொடை, இடுப்பு, மார்பு, தோள் என்று பிரித்துக் கொடுக்கிறது. பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் தொடைப் பட்டை போட்டிருக்க வேண்டும். குனிந்து நிமிர இடைஞ்சல் என்று தொடைப் பட்டையை மாட்டாமல் வால் மாதிரி தொங்கவிட்டு ஏறுகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். விழும்போது பெல்ட் மேலே நிற்கும், ஆள் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடுவான். மார்புப் பட்டை நெஞ்சின் நடுவே, முதுகு டி-ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே. தொடைப் பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. பேண்ட் பாக்கெட்டில் அந்தப் பட்டைக்கு அடியில் சாவிக்கொத்தும் போனும் வேண்டாம்.

கொக்கியை எங்கே மாட்டுவது என்பதில்தான் நல்ல அனுபவசாலிகளே தவறுகிறார்கள். கேபிள் டிரே, கண்டுயிட் பைப், ஆடுகிற கைப்பிடி, இதெல்லாம் மாட்டுகிற இடமே இல்லை. சாரத்தில் என்றால் ரைட் ஆங்கிள் கப்ளர் போட்டுக் கட்டிய லெட்ஜரில், அதாவது படுக்கைப் பைப்பில், முடிந்தவரை தலைக்கு மேலே. சோதித்தாயிற்று, ஏறலாம் என்று காட்டுகிற பச்சை டேக் தொங்காத சாரத்தில் ஏறவே வேண்டாம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைக்க வந்த வடகிழக்குப் பிள்ளைகள். நிற்கிற அமைப்பே போய்விட்டால் எந்தப் பெல்ட்டும் யாரையும் பிடிக்காது.

தலைக்கு மேலே என்று ஏன் சொல்கிறேன் என்றால், கணக்கு இருக்கிறது. லேன்யார்டு 2 மீட்டர். விழும்போது ஷாக் அப்சார்பர் கிழிந்து நீள்வது அதிகபட்சம் 1.75 மீட்டர். டி-ரிங்கிலிருந்து பாதம் வரை 1.5. கீழே தட்டாமலிருக்க 1 மீட்டர் இடைவெளி. கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே 6.25 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். எங்கள் சாரத்தில் ஒரு லிஃப்ட், அதாவது ஒரு தட்டின் உயரம், 2 மீட்டர். மூன்றாவது லிஃப்டில் நின்றுகொண்டு கால்மாட்டில் கொக்கி மாட்டினால் கீழே 6 மீட்டர்தான். பெல்ட், லேன்யார்டு, தையல் எல்லாம் புதியதாக இருந்தும், காப்புக்கு விட்ட இடைவெளியே குறைந்துபோகிறது. நடுவே ஒரு பைப்போ வால்வோ நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. 2 மீட்டர் விழுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது, அதற்குள் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் ஆகிவிடும். தலைக்கு மேலே மாட்டியிருந்தால் இதில் பெரும்பகுதி நடக்காமலேயே போகும். பக்கவாட்டில் தூரமாக மாட்டிவிட்டு நகர்ந்து போனால் ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய் தூணில் அடிபடும் ஆபத்து வேறு.

நான் ஸ்டோருக்கு வருவதற்குக் காரணம் முழங்கால் என்று சொன்னேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011ல் ஒரு ஆலையில் ஷட்டவுன் வேலை, ஆலையை நிறுத்திவிட்டுச் செய்கிற பராமரிப்பு. எந்த ஆலை என்று சொல்ல வேண்டாம். கூட வேலை செய்த பெயிண்டர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை மாதிரி, பலகை நழுவி விழுந்தார். பெல்ட் பிடித்துக்கொண்டது. 11 மீட்டர் உயரத்தில் தொங்கினார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், பிழைத்துவிட்டார் என்று. அவரும் சிரித்துக் கையை ஆட்டினார்.

எப்படி இறக்குவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆளை உயரே தூக்குகிற மேன்லிஃப்ட் வண்டி வேறு யூனிட்டில் இருந்தது. அதை ஓட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். ஏணி எட்டவில்லை. ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது என்று கத்தினார். பத்து நிமிடத்தில் கத்துவதை நிறுத்திவிட்டார். தலை சாய்ந்துவிட்டது. தொடைப் பட்டை இறுக்கி, அசையாமல் தொங்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், மூளைக்கும் இதயத்துக்கும் போதாமல் போகும். மயங்குவார்கள், அப்படியே விட்டால் உயிரும் போகும். எங்களில் ஒருவருக்கும் அன்று அது தெரியாது. 17 நிமிடம் கழித்து இறக்கினோம். ஆள் வெள்ளைத் துணி மாதிரி இருந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த 17 நிமிடமும் பக்கத்துச் சாரத்திலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

அதனால் இப்போது எங்கள் வேலைக்குப் பர்மிட் எழுதும்போதே, விழுந்தால் யார் இறக்குவது, எதைக் கொண்டு இறக்குவது என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். "108க்குப் போன் செய்வோம்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆம்புலன்ஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் அது கேட்டுக்கு வரும், 11 மீட்டருக்கு வராது. மேன்லிஃப்டும் அதை ஓட்டுகிறவரும், இல்லையென்றால் மீட்புக் கயிறும் அதைப் பழகிய இரண்டு பேரும் அங்கேயே இருக்க வேண்டும். தொங்குகிறவர் சும்மா இருக்கக் கூடாது. முட்டியை மடக்கி நீட்டி, எட்டுகிற எதிலாவது பாதத்தை ஊன்றி, காலை வேலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெல்ட்டின் இடுப்பில் சிறு பையில் மடித்து வைக்கிற ஒரு நாடா கிடைக்கிறது. அவிழ்த்து விட்டால் கால் வைத்து நிற்க வளையமாகும். எங்கள் பெல்ட்களில் ஒவ்வொன்றிலும் இப்போது அது இருக்கிறது. இறக்கியதும் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்து, உடனே ஆஸ்பத்திரி. நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவரைப் பிடித்த பெல்ட்டும் லேன்யார்டும் என் கத்தரிக்கு வந்துவிட வேண்டும், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

அந்தத் தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். ஜன்னலில் வைத்துவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து, விளக்குக்கு அடியில் நின்று, பட்டையை வளைத்து வளைத்துப் பார்த்தான். இடது தொடைப் பட்டையில் ஒரு இடத்தைக் காட்டி, "அண்ணே, இது கொஞ்சம் விறைப்பா இல்ல?" என்றான். நானும் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாகத்தான் இருந்தது, சிமெண்ட் பால் காய்ந்திருந்தது. சிமெண்டும் காரம்தான். 87ஆம் நம்பர் பக்கத்தில் தேதி போட்டு எழுதி, அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லாரித் தண்ணீர் வந்ததும் அலசிப் பார்க்க வேண்டும். அப்புறமும் அந்த இடம் இளகவில்லை என்றால் வெட்டிவிடுவேன்.